பரங்கிக் கொடியில் பூ கொட்டுவது ஏன்?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



வழக்கமாக நான் பேச வந்தால் நெல்லுக்கு மேலுரம், கடலைக்கு ஜிப்சம், பருத்திக்குப் பூச்சி மருந்து என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு வயல் பக்கம் போகப் போவதில்லை. உங்கள் வீட்டுக் கொல்லைக்குத்தான் வருகிறேன். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் முளைத்து, வேலியில் தாவி, கூரை மேல் ஏறி ஒரு பரங்கிக் கொடியோ சுரைக் கொடியோ கிடக்கிறது அல்லவா, அதைப் பற்றித்தான் பேச்சு. (பரங்கி என்று நான் சொல்வதைக் கோயமுத்தூர்ப் பக்கம் அரசாணி என்பார்கள். இன்னும் சில ஊர்களில் மஞ்சள் பூசணி. எல்லாம் ஒரே காய்தான்.)

எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தாய்மார்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், கொடி நல்லாத்தான் படருது. பூ பூவா பூக்குது. ஆனா ஒரு பிஞ்சு தங்க மாட்டேங்குது. என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்து எதுவும் வேண்டாம் என்று சொன்னால், இவருக்கு விஷயம் தெரியவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி பார்ப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். பல வீடுகளில் காய் தங்காததற்குக் காரணமே மருந்துதான். எப்படி என்று சொல்கிறேன்.

கை ராசி

சில வருஷங்களுக்கு முன்னால் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கடலைப் பயிரில் சுருள் பூச்சி பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து, அந்த விவசாயி வீட்டில் மோர் குடிக்க உட்கார்ந்தேன். கொல்லைப்புறத்தில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், அவருடைய தாயார் கையில் கருக்கரிவாளோடு நிற்கிறார். கூரை முழுக்கப் படர்ந்த பரங்கிக் கொடியை அறுத்து ஆட்டுக்குப் போடப் போகிறாராம். இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், கறுகறு என்று இருக்கிறது. இத்தனை செழிப்பான கொடியை யாராவது அறுப்பார்களா?

"ஏன் ஆத்தா அறுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இது வெளங்காத கொடி சார். ரெண்டு மாசமாத் தண்ணி ஊத்தியாச்சு. ஒரு பிஞ்சு நிக்கல. நட்டவ கை ராசி அப்படி."

நட்டவர் அந்த வீட்டு மருமகள். கதவோரமாக நின்றுகொண்டிருந்தது அந்தப் பெண். வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகியிருந்தது என்பதும், இன்னும் குழந்தை இல்லை என்பதும் பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. கை ராசி என்று ஆத்தா சொன்னது கொடியை மட்டும் வைத்துச் சொன்னதல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அரிவாளைக் கீழ வையுங்க ஆத்தா. பத்து நாள் தவணை கொடுங்க. அப்புறம் நானே அறுத்துத் தர்றேன்" என்றேன். அரசாங்க ஆள் சொல்கிறாரே என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

கொடியைச் சுற்றிப் பார்த்தேன். கீழே உதிர்ந்து கிடந்த பூக்களைப் பொறுக்கி இரண்டு குவியலாக வைத்தேன். ஒரு குவியலில் நீளக் காம்போடு வெறும் பூ. இன்னொரு குவியலில் ஏழெட்டுதான். ஒவ்வொன்றின் அடியிலும் கோலிக்குண்டு அளவு பிஞ்சு, மஞ்சள் பாய்ந்து சுருங்கிப் போயிருந்தது. "இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லும்மா" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல காய் இருக்கு, அதுல இல்ல" என்றது. அவ்வளவுதான் பாடம்.

பரங்கி, சாம்பல் பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் ஒரே கொடியிலேயே ஆண் பூ தனி, பெண் பூ தனி. கத்தரி, தக்காளி, வெண்டையில் அப்படி இல்லை. அங்கே ஒரே பூவுக்குள் இரண்டும் இருக்கும். அதனால்தான் கத்தரிச் செடியில் பூவெல்லாம் காயாகிவிடும் என்று எதிர்பார்த்த கண்ணோடு பரங்கியைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது.

பெண் பூவைக் கண்டுபிடிக்க அறிவியல் படித்திருக்க வேண்டாம். மொக்காக இருக்கும்போதே பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருக்கும். பரங்கிக்கு உருண்டையாக, சுரைக்கு ரோமம் போர்த்த சின்னச் சுரைக்காயாக, பாகலுக்கு முள்ளு முள்ளாக ஒரு பொடிப் பாகலாக இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். கொடியில் முதலில் வருவது ஆண் பூதான். வாரம் பத்து நாள் வரை அதுவே தனியாகப் பூத்து உதிரும். பிறகுதான் பெண் பூ தலை காட்டும். அப்போதும் ஆண் பூ பத்து வந்தால் பெண் பூ ஒன்று வரும். ஆகவே பூ கொட்டுகிறதே என்று ஆரம்பத்திலேயே கலங்க வேண்டியதில்லை. ஆண் பூ கொட்டத்தான் கொட்டும். அதன் வேலை ஒரு காலைப் பொழுதோடு முடிந்துவிடுகிறது.

என் அப்பாயி மார்கழி மாதம் வாசலில் சாணிப் பிள்ளையாரில் செருகுவதற்குப் பரங்கிப் பூ பறித்து வரச் சொல்வார். "காம்புப் பூவா பாத்துப் பறி, காய்ப் பூவைத் தொடாதே" என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆண் பூ பெண் பூ என்று நான் புத்தகத்தில் படிப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அவரிடம் படித்திருக்கிறேன், படித்தது தெரியாமலே.

இரண்டாவது குவியல்தான் கவனிக்க வேண்டியது. பெண் பூ வந்திருக்கிறது, பிஞ்சும் வந்திருக்கிறது, ஆனால் வெம்பி விழுந்திருக்கிறது. ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் வந்து படவில்லை என்று அர்த்தம். பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் போல இதைக் காற்று கொண்டு போகாது. தேனீதான் கொண்டு போக வேண்டும். அதுவும் காலை வேளையில்தான். பரங்கிப் பூ விடிகிற நேரத்தில் விரியும். வெயில் ஏறி 10 மணி ஆவதற்குள் வாடி மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்காது. அந்த நாலு மணி நேரத்துக்குள் தேனீ வந்தால் காய். வராவிட்டால் நாலைந்து நாளில் பிஞ்சு மஞ்சளாகி விழும்.

தேனீ ஏன் வரவில்லை? கொல்லைக்கு அடுத்தாற்போல ஒரு கத்தரிப் பாத்தி. "கத்தரிக்குக் காய்ப்புழு மருந்து அடிப்பீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "வாரம் ஒரு தடவை காலையில அடிக்கிறேன் சார். பூ கொட்டுதேன்னு இந்தக் கொடிக்கும் ரெண்டு அடி அடிச்சு விட்டேன். யூரியாவும் கைப்பிடி கைப்பிடியா மூணு தடவை போட்டிருக்கேன்" என்றார்.

அவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் பூ விரிந்திருக்கிற காலை நேரத்தில் விஷ மருந்து அடித்தால், வருகிற தேனீ செத்துப் போகிறது. வெறும் யூரியாவாகப் போட்டதில் இலை பெருத்தது, ஆண் பூ பெருகியது, பெண் பூ குறைந்தது. இரண்டையும் செய்துவிட்டு, பழியை மருமகள் கையில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். விடியற்காலை 6 மணிக்குக் கொடிக்குப் போக வேண்டும். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட வேண்டும். நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு மட்டும் நிற்கும். அதை அன்று விரிந்த பெண் பூவின் நடுவில் மெதுவாக, சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். முந்தின நாள் பூவும் உதவாது, மறுநாள் விரியப் போகிற மொக்கும் உதவாது. தடவின பூவுக்கு அடையாளமாக ஒரு நூல் கட்டி வைக்கச் சொன்னேன். மருந்தையும் யூரியாவையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் என்று சொன்னவன், பதினைந்து நாள் கழித்துத்தான் போக முடிந்தது. கூரையில் ஐந்து இடத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதில் நாலு பிஞ்சு தேங்காய் அளவுக்கு வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் பிரி வைத்திருந்தார்கள். வைத்தது யார் என்று கேட்டேன். "அத்தைதான் வச்சாங்க" என்றது அந்தப் பெண். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. அரிவாள் கூரையில் செருகியிருந்தது.

ராத்திரிப் பூ

காலையில் தடவ வேண்டும் என்றேன். ஆனால் எல்லாக் கொடிக்கும் காலை நேரம் ஒத்து வராது. பரங்கி, சாம்பல் பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவை காலைப் பூ. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிபவை. புடலை இருட்டின பிறகு விரியும். உடம்பு தேய்க்க நார் எடுக்கிற நுரைப் பீர்க்கு இருக்கிறதே, அது மட்டும் பீர்க்கின் கூடப் பிறந்ததாக இருந்தும் காலையில் பூக்கும்.

இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கல்லூரியில் புடலம்பூவை அறுத்து, உள்பாகங்களைப் பென்சிலால் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். பகல் 11 மணிக்கு மேஜை மேல் வாடிக் கிடந்த பூ அது. அது உயிரோடு எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. வேலைக்கு வந்து சில வருஷம் கழித்து, ஒரு ஊரில் கடைசி பஸ்ஸைத் தவற விட்டேன். ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. எதிரே புடலைப் பந்தல். இருட்டி அரைமணி ஆகியிருக்கும். பச்சை மொக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தன. இதழ் ஓரமெல்லாம் வெள்ளை நூலைப் பிரித்துவிட்ட மாதிரி, குஞ்சம் குஞ்சமாக விரிகிறது. பந்தல் முழுக்க வெள்ளை. மெல்ல ஒரு வாசனையும் வந்தது. சற்று நேரத்தில் சிட்டுக்குருவி அளவில் ஒரு அந்துப்பூச்சி வந்து, உட்காராமல் இறக்கையடித்தபடியே ஒவ்வொரு பூவிலும் நீள உறிஞ்சியை விட்டு எடுக்கிறது. விடிந்து பார்த்தால் அத்தனை பூவும் சுருண்டு கிடந்தது. பெரியவர், "இது தெனம் நடக்கிறதுதானே தம்பி" என்றார். அவருக்குத் தினமும் நடப்பது. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகையால் சுரைக்கும் பீர்க்குக்கும் கையால் தடவுவதென்றால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் தடவுங்கள். சுரையின் வெள்ளைப் பூ இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும். புடலைக்கு விளக்கோடு போக வேண்டும். அந்துப்பூச்சி உள்ள இடத்தில் அதற்கு அவசியம் இருக்காது.

வளைந்த காயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுரையோ வெள்ளரியோ ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சூம்பி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். கீறிப் பாருங்கள். பெருத்த பக்கம் விதை இருக்கும், சூம்பின பக்கம் விதை இருக்காது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். நூற்றுக்கணக்கான விதை உள்ள காய்க்குத் தேனீ ஒரு தடவை வந்து போனால் போதாது, பல தடவை வர வேண்டும். அரைகுறையாகத் தூள் பட்ட காய் அரைகுறையாகத்தான் வளரும். காய் கோணலாக இருந்தால் தேனீ குறைவு என்று கண்டுகொள்ளலாம். தண்ணீர்ப் பஞ்சத்திலும் இப்படி வருவதுண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புடலை வளைவது வேறு விஷயம். அது தன் சுபாவத்திலேயே சுருளப் பார்க்கும். நம் ஊரில் காயின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே கட்டி, அது அறுந்து விழுந்ததும் கண்ணேறு என்கிறார்கள். ஒரு சாண் நீளம் வந்த பிறகு, இலேசான கல்லாகப் பார்த்து வாழைநாரில் கட்டுங்கள். கல் கட்டச் சலிப்பாக இருப்பவர்கள் கோ.2 ரகம் போடலாம். காயே குட்டையாக இருக்கும், கல் வேண்டாம்.

குழியும் கொழுந்தும்

பயிர் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றரை முழ அளவில் குழி எடுத்து, மக்கின தொழுவுரம் ஒரு கூடை, அடுப்புச் சாம்பல் இரண்டு கை, மேல்மண் கலந்து மூடுங்கள். விதையை ஒரு ராத்திரி ஊற வைத்து, குழிக்கு நாலைந்து போட்டு, நன்றாக வந்த இரண்டை மட்டும் விடுங்கள். மற்றதைப் பிடுங்க மனசு வராது. பிடுங்கத்தான் வேண்டும். அடுப்படித் தண்ணீரைப் பாய்ச்சலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

சுரைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். பெண் பூ பக்கக் கிளைகளில்தான் அதிகம். ஆகவே கொடி பந்தலைத் தொட்டதும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளை வெடித்துக் கிளம்பும், பிஞ்சும் கூடும். கிள்ளின கொழுந்தைக் கூட்டு வைக்கலாம். வயல் கணக்கில் பயிர் செய்பவர்களுக்குப் பெண் பூ கூட எத்ரல் தெளிக்கச் சொல்வதுண்டு. நாலு குழிக் கொல்லைக்கு அது வேண்டியதில்லை.

பரண் மேல் இருக்கும் டப்பா

பூச்சி வராது என்று சொல்லவில்லை. வரும். ஆனால் கொல்லையில் காய்ப்பதை அன்றைக்கே பறித்து அன்றைக்கே குழம்பு வைக்கிறோம். குழந்தைகள் வெள்ளரிப் பிஞ்சைக் கொடியிலிருந்தே கடித்துத் தின்னும். பருத்திக்கு வாங்கி மிச்சமான மருந்தை இதற்கு அடிக்கலாமா? இன்னும் சில வீட்டுப் பரண்களில் பழைய பி.எச்.சி. தூளும், எண்டோசல்பான் டப்பாவும் பார்க்கிறேன். பி.எச்.சி.யை 1997-லும், எண்டோசல்பானை 2011-லும் நம் நாட்டில் தடை செய்தாகிவிட்டது. அந்த டப்பாக்களைத் தோட்டத்துக்கு எடுக்காதீர்கள். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டவும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

இளங்கொடியில் இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்னும் செவ்வண்டு விடியற்காலைக் குளிரில் சோம்பிக் கிடக்கும். அப்போது பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது. பனி ஈரத்தில் இலை மேல் சாம்பல் தூவுவதும் உதவும். கந்தகத் தூள் மட்டும் இந்தக் குடும்பத்துக்கு ஆகாது. இலை கருகிவிடும்.

பெரிய தொல்லை பழ ஈ. பாகல், பீர்க்கு, புடலைப் பிஞ்சில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதில் பிசின் வடியும், பிறகு காய் அழுகி விழும். உள்ளே வெள்ளைப் புழு நெளியும். ஈ தோலுக்குள் முட்டை வைத்துவிடுவதால் மேலே என்ன தெளித்தாலும் உள்ளே இருக்கிற புழுவைத் தொடாது. அழுகின காயை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப் புழுவாகி, மறுபடி ஈயாக வரும். ஆகவே விழுந்த காயைத் தினமும் பொறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். குப்பைக் குழியில் வீசினால் பிரயோசனம் இல்லை. கொடியின் அடி மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப் புழு வெளியே வந்து வெயிலில் காயும், கோழி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காய் பிடித்த மூன்றாம் நாளே செய்தித்தாளில் பை மாதிரி செய்து மாட்டிவிட்டால் ஈ முட்டை வைக்க முடியாது. ஆண் ஈயை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளும் கிடைக்கின்றன. ஒரு வீட்டில் மட்டும் வைக்காமல் தெருவில் நாலு வீட்டில் வைத்தால் பலன் தெரியும்.

அவசியம் தெளிக்கத்தான் வேண்டும் என்றால், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள். இலையின் அடிப்புறம் படட்டும். விரிந்த பூ மேல் அதுவும் வேண்டாம். பரங்கிக்கும் பாகலுக்கும் சாயங்காலமும், சுரைக்கும் பீர்க்குக்கும் பூ வாடின பிறகு வெயில் ஏறுமுன்னும் அடிப்பது நல்லது. கத்தரிப் பாத்தி பக்கத்தில் இருந்தால் அதற்கும் காலையில் மருந்து அடிக்காதீர்கள். கொம்புத் தேனீ வேலியில் கூடு கட்டியிருந்தால் பந்தம் கொளுத்தித் தேன் எடுக்கப் போக வேண்டாம். ஒரு படி தேனுக்கு ஆசைப்பட்டு ஒரு வருஷக் காயை இழக்கிறோம்.

கசக்கும் சுரை

இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சில சுரைக்காய் கசக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. காசு கொடுத்து வாங்கினது, அல்லது ஆசையாக வளர்த்தது, வீணாக்குவானேன் என்று புளியும் வெல்லமும் கூடப் போட்டுச் சமைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்னும் விஷப் பொருளால் வருவது. வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்த வாந்தி வரை கொண்டுபோகும். உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் பச்சைச் சுரைச்சாறு குடிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சமைப்பதற்கு முன் நுனியில் ஒரு சின்னத் துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். மாட்டுக்கும் போட வேண்டாம். யாராவது தெரியாமல் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், கசப்புச் சுரைக்காய் சாப்பிட்டார் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

"பக்கத்தில் பாகல் போட்டதால்தான் சுரை கசக்கிறதா?" என்று ஒரு அம்மா கேட்டார். இல்லை. பாகலும் சுரையும் ஒன்றோடொன்று கலக்காது. வேலியில் தானாக முளைத்துக் கிடக்கும் பேய்ச்சுரையின் மகரந்தம் நல்ல சுரையில் பட்டால், அந்த வருஷக் காய் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் காயின் விதையைப் போட்டு அடுத்த வருஷம் வருகிற கொடி கசக்கலாம். ஆகவே பேய்ச்சுரை கண்ணில் பட்டால் பூக்குமுன் பிடுங்கிவிடுங்கள்.

பப்பாளி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பல ரகங்களில் ஆண் மரமே தனி, பெண் மரமே தனி. கன்றிலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோ.2 மாதிரி ரகம் என்றால் குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு நீளச் சரமாகப் பூக்கும் ஆண் மரங்களை வெட்டிவிட வேண்டும். இருபது பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் இருந்தால் போதும். ஒரே ஒரு மரம் வைக்க இடமுள்ள வீட்டுக்குக் கோ.3, கோ.7 நல்லது. அதில் வெறும் ஆண் மரம் வராது. காய்க்காத மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று அடிக்கிறார்கள். சில ஆண் மரம் பருவம் மாறும்போது தானாகவே நாலு காய் காய்க்கும். பேர் ஆணிக்குப் போய்விடுகிறது.

விதை

விதைக்கு விடுகிற காயை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். கடைசியில் மிஞ்சின சொத்தைக் காயை விதைக்கு விடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். நல்ல கொடியில், இரண்டாவது மூன்றாவதாகப் பிடித்த காயை விட வேண்டும். பக்கத்து வீட்டில் வேறு ரகப் பரங்கி இருந்தால் கலந்துவிடும். அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. மறுநாள் விரியப் போகிற பெண் மொக்கையும் ஆண் மொக்கையும் மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, கையால் தடவி, மறுபடி கட்டிவிட்டால் தேனீ உள்ளே போகாது. விதை சுத்தமாக இருக்கும். காய் நன்றாக முற்றி, காம்பு காய்ந்த பிறகு பறித்து, இரண்டு வாரம் வைத்திருந்து விதை எடுங்கள். கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைத்தால் வண்டு அண்டாது.

அந்தத் துறையூர்ப் பக்கத்து வீட்டிலும் ஒரு காயை விதைக்கு விட்டிருந்தார்கள். மறு வருஷம் சித்திரையில் அந்த வழியாகப் போனபோது ஆத்தா கூப்பிட்டார். விதை வேண்டுமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். கலயம் அவர் பக்கத்திலேயேதான் இருந்தது. அவர் எடுக்கவில்லை. உள்ளே பார்த்து மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "சாருக்கு நீயே அள்ளிக் குடு" என்றார். அந்த விதையை எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடி மாதம் போட்டேன். தை பிறக்குமுன் ஆறு காய் பறித்தோம்.

ஆடிப் பட்டத்துக்குப் போடுகிறவர்கள் ஆனியிலேயே குழி எடுத்து ஆற விடுங்கள். தைப் பட்டத்துக்கு மார்கழியில் எடுக்கலாம். முதல் பெண் பூ வருகிறபோது ஒரு நாள் விடியற்காலை எழுந்து போய்ப் பாருங்கள். தேனீ வருகிறதா என்று 7 மணி வரை நின்று பார்த்துவிட்டு, வராவிட்டால் மட்டும் கையால் தடவுங்கள்.